கீச்சிட்டது யார் வண்டி?

அத்தியாயம் 9

இப்போதெல்லாம் ஒருத்தனும் பானெட்டைத் திறப்பதில்லை. வண்டியில் சத்தம் வந்தால் கைப்பேசியில் பிடித்துப் பத்துப் பேருக்கு அனுப்புகிறான். அந்தப் பத்துப் பேரும் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்காமலே வைத்தியம் சொல்கிறார்கள். ஒருத்தன் பேரிங் என்கிறான், ஒருத்தன் டர்போ என்கிறான், ஒருத்தன் வண்டியையே விற்றுவிடு என்கிறான். பத்துப் பேர் விரலிலும் ஒரு சொட்டு கிரீஸ் இருக்காது. சத்தத்தை வைத்து வண்டிக்கு வைத்தியம் பார்ப்பதாவது போகட்டும். எங்கள் ஊர் ப்ளம் ஃபோர்க்கில் அதை வைத்து ஒரு மனுஷனுக்குத் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

நான் ஓரின் மேடாக். நெப்ராஸ்கா மணற்குன்றுப் பக்கம் முப்பத்தோரு வருஷம் மாட்டுச் சூட்டுக்குறி பார்த்தவன். சந்தைக்கு வருகிற மாட்டின் விலாவில் இருக்கும் சூடு, விற்க வந்தவனுடையதுதானா என்று பார்ப்பேன். சீட்டைக் கேட்பேன். சீட்டு இல்லாவிட்டால் மாடு நகராது. எட்டாம் வகுப்போடு என் படிப்பு சரி. ஆனால் வாயால் சொன்னதை நம்பி ஒரு கன்றுக்குட்டியைக்கூட வாசல் தாண்ட விட்டதில்லை.

விஷயம் இதுதான். போன வியாழன் சந்தை நாள். மதியம் எல்லோரும் ஏலக் கொட்டகைக்குள் உட்கார்ந்து மாட்டிறைச்சி ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அப்போது பின்பக்கப் பட்டியின் கதவுத் தூணில் ஏதோ ஒரு வண்டி பின்னோக்கி வந்து மோதியது. கதவு சாய்ந்தது. உள்ளே நின்ற ஜட்ஜ், அது கிளீட் ஆஸ்ட்ராண்டருடைய காளையின் பெயர், வெளியே பாய்ந்து நெடுஞ்சாலைக்குப் போய் லாரியில் அடிபட்டுச் செத்தது. மோதியவன் இறங்கிக்கூடப் பார்க்கவில்லை. மேட்டுச் சாலையில் அழுத்தி மிதித்து ஓடிவிட்டான். வண்டியை யாரும் பார்க்கவில்லை. சத்தத்தைக் கேட்டவர்கள் அறுபது பேர். பன்றியைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியதுபோல ஒரு நீளமான கீச்சு.

அறுபது வாயும் ஒரே பெயரைச் சொல்லின. வெண்டல் க்ரோட்.

வெண்டல் இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். காலையில் எப்போதும் பத்து நிமிஷம் தாமதம். அதனால் அவனுடைய பழைய பிக்கப்பை மேட்டில் அழுத்தி மிதித்துக்கொண்டுதான் பேருந்துக் கொட்டகைக்குப் போவான். அப்போது அது கத்தும். இரண்டு மாதமாக ஊரே அந்தச் சத்தத்தில்தான் கண் விழிக்கிறது. ஷெரிஃப் ஆபீசில், சத்தத்துக்கு விலங்கு மாட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடக் குழுவுக்கு அந்தக் கூச்சம் இல்லை. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குக் கூடி அவனிடமிருந்து பேருந்துச் சாவியை வாங்குவதாக முடிவு செய்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு வெண்டல், லவோனின் உதிரிப்பாகக் கடை வாசலில் நின்றான். நானும் அங்கேதான் இருந்தேன். அவன் கையில் ஒரு காகிதம்.

லவோனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயது, இரண்டு முறை விவாகரத்து. கடையில் இருக்கிற எல்லாப் பாகத்தின் எண்ணும் அவளுக்கு மனப்பாடம். இந்த வழக்கில் எனக்கு உதவியாள் என்று நான் சொல்வேன். அவள் அதை மாற்றிச் சொல்வாள்.

"இந்தாங்க அண்ணே, சீட்டு சீட்டுன்னு கேப்பீங்களே" என்று காகிதத்தை நீட்டினான் வெண்டல்.

படித்தேன். குழுவின் புகார்க் கடிதம். "இப்படிக் கத்தும் வண்டி இந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான் உள்ளது" என்று ஒரு வரி. கீழே தலைவர் ராய்ஸ் டில்மனின் கையெழுத்து, நேற்றைய தேதி. ராய்ஸ் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா சொருகியிருக்கும். கையெழுத்துப் போட ஏதாவது கிடைக்காதா என்று அலைகிற ஆள்.

"நேத்துக் காலையில என் மேசையில வெச்சுத்தான் கையெழுத்துப் போட்டாரு. கடுதாசி மேல காபி ஊத்திருக்கலாம். தோணாமப் போச்சு" என்றாள் லவோன்.

"வியாழன் மதியம் நீ எங்கடா இருந்தே?" என்று வெண்டலைக் கேட்டேன்.

"ஆத்தோரம் வண்டியை நிறுத்தித் தூங்கிட்டிருந்தேன்."

"சாட்சி?"

"தூங்குறதுக்குச் சாட்சி வெச்சுக்கிட்டா எவன் தூங்குவான்?"

"சொன்னா நம்புற மாதிரி ஏதாவது சொல்லு."

அவன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். "அண்ணே, எனக்கு அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துடும். ஆறு மணிக்குப் போறதுக்கு எனக்கு அந்தப் பஸ்ஸை விட்டா வேற இடம் கிடையாது. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

நான் நம்பவில்லை. நம்பாதபோதுதான் எனக்கு வேலை ஓடும். "பானெட்டைத் திற" என்றேன்.

"மூணு தடவை திறந்தாச்சு, பெருசு. மூணு புது பெல்ட் நானே வித்திருக்கேன். மாட்டுனா நாலு நாள் சத்தமில்ல. அஞ்சாம் நாள் மறுபடி பாட்டுக் கச்சேரி. மேட்டுல ஏத்தி மிதிச்சா மட்டும். மெதுவாப் போனா பூனை மாதிரி இருக்கு" என்றாள் லவோன்.

"மூணு பெல்ட் வித்தவ, ஒரு தடவையாவது ஏன்னு கேட்டியா?"

"கேட்டிருந்தா ஒண்ணுதானே வித்திருப்பேன்?"

வெண்டல் பானெட்டைத் தூக்கி நிறுத்தினான். லவோன் வண்டியில் ஏறினாள். இடதுகாலால் பிரேக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கியரைப் போட்டு, வலதுகாலால் மிதித்தாள். நான் வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்றேன். அவளுடைய இடதுகாலை நான் நம்பவில்லை.

இன்ஜின் உறுமியது. ஓட்டுநர் பக்கம் இருந்த பாதி, தூக்கத்தில் புரளுகிறவன் தோள் மாதிரி மேலே எழும்பியது. எழும்பிய உடனே கீச். காது அடைத்தது. தெருவின் அடுத்த பக்கம் முடிவெட்டும் கடையிலிருந்து பாதி வெட்டிய தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

"இன்ஜின் உட்கார்ற ரப்பரெல்லாம் செத்துப்போச்சு. அதான் குதிக்குது" என்றேன்.

"இந்த வயசுல எல்லாருக்கும் ரப்பர் செத்துத்தான் இருக்கும். அதுக்காக நீங்க கத்துறீங்களா என்ன?" என்றாள். கியரை எடுத்துவிட்டு, இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு இறங்கினாள். இப்போதுதான் வழுக்கிய பெல்ட் இன்னும் மெல்லக் கீச்சிட்டது. கண்ணாடி துடைக்கிற தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். "இது கடைக்காரி சோதனை. ஓடுற பெல்ட்டுல தண்ணி அடிக்கணும். சத்தம் நின்னா பெல்ட் சுத்துற சக்கரம் கோணல். சத்தம் கூடுனா பெல்ட் தொய்வு."

எனக்கு உடனே புரிந்தது. மாட்டுத் தோலில் பழைய சூட்டின்மேல் புதுச் சூடு போட்டு ஏமாற்றுவார்கள். காய்ந்த முடியில் ஒன்றும் தெரியாது. தண்ணீர் ஊற்றி முடியைப் படிய வைத்தால் அடியில் இருக்கிற திருட்டுத்தனம் தெரிந்துவிடும்.

"ஊத்து" என்றேன்.

ஊற்றினாள். சத்தம் கூடவும் இல்லை, நிற்கவும் இல்லை. அதற்குப் பதில் இரண்டு பேரும் இதுவரை எந்த வண்டியிலும் பார்க்காத ஒன்று நடந்தது. பெல்ட் நுரைத்தது.

வெள்ளை வெளேரென்று நுரை. சக்கரங்களைச் சுற்றிக் கொப்பளித்து, குமிழியாகப் பறந்து, லவோனின் மூக்கில் ஒன்று உட்கார்ந்தது.

"வெண்டல், உன் வண்டி குளிக்குதுடா. உனக்கு அந்தப் பழக்கம் உண்டா?" என்றாள்.

நான் இன்ஜினை நிறுத்தச் சொல்லி, ஒரு விரலால் நுரையைத் தொட்டு மோந்து பார்த்தேன். குளியல் சோப்பு. பச்சைச் சோப்பு வாசனை. மேலே கையை விட்டுத் துழாவினேன். ரேடியேட்டரைத் தாங்குகிற பட்டையின் அடியில், மேலிருந்து பார்த்தால் தெரியாதபடி ஏதோ தொங்கியது. இழுத்தேன். ஒரு பெண்பிள்ளைக் காலுறை, தோல் நிறத்தில், முடிச்சுப் போட்டு. அதற்குள் ஒரு பச்சைச் சோப்புக் கட்டி. காலுறையின் அடிப்பக்கம் தேய்ந்து ஓட்டையாகி, சோப்பு வெளியே எட்டிப் பார்த்தது. அது பெல்ட்டுக்கு நேர் மேலே, இரண்டு விரல்கடை உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கணக்கு விளங்கிவிட்டது. மெதுவாகப் போனால் பெல்ட் சோப்பைத் தொடாது. அழுத்தி மிதித்தால் இன்ஜின் புரண்டு எழும்பும், ஓடுகிற பெல்ட் சோப்பை உரசும், வழுக்கும், கத்தும். மூன்று பெல்ட்டும் சோப்புப் போட்டுக் குளித்தே செத்திருக்கின்றன.

"யாருடைய காலுறைடா இது?" என்றேன்.

வெண்டலின் முகம் சிவந்துவிட்டது. "அண்ணே, சத்தியமா என் வண்டிக்குள்ள எந்தப் பொம்பளையும் வந்ததில்ல."

"அதை நம்புறேன்" என்றாள் லவோன். பிறகு முடிச்சைத் திருப்பிப் பார்த்தாள். "ரெட்டை முடிச்சு, நுனியைக் கத்தரிச்சு உள்ள மடிச்சிருக்கு. இவ்வளவு நேர்த்தியா இந்த ஊர்ல ஒரே ஒருத்திதான் கட்டுவா. கிளம்புங்க, தேவாலயத்துக்குப் போகணும்."

"பாவ மன்னிப்பு கேக்கவா?"

"உங்களுக்கு அதுக்கு ஒரு மத்தியானம் பத்தாது, பெருசு."

கடிதத்தை வெண்டலிடமே கொடுத்துவிட்டு, நானும் லவோனும் மட்டும் என் வண்டியில் போனோம். என்னுடையதும் வெண்டலின் வண்டி மாதிரிதான். அதே கம்பெனி, அதே வருஷம். ஆனால் நான் ஓட்டினால் நத்தை ஓரம்போய் வழிவிடும் என்று லவோன் சொல்வாள்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மியூரியல் டெஷ் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாதர் சங்கத்துக்குப் பத்தொன்பது வருஷமாக அவள்தான் தலைவி. தேர்தலில் எதிர்த்து நின்றவர்களை எல்லாம் பாத்திரம் கழுவப் போட்டுவிட்டாள். காலுறையை மேசைமேல் வைத்தேன். அவள் கையை மாவிலிருந்து எடுக்கவே இல்லை.

"எலிக்கு" என்றாள்.

"என்ன எலிக்கு?"

"குளிர் ஆரம்பிச்சா எலியெல்லாம் இன்ஜினுக்குள்ள வந்து கூடு கட்டும், வயரைத் தின்னும். பச்சைச் சோப்பு வாசனை அதுக்கு ஆகாது. செப்டம்பர் முதல் ஞாயிறு, பாதிரியார் பிரசங்கம் பண்றப்போ, நாங்க மூணு பேர் வாகனம் நிறுத்துற இடத்துல எல்லா வண்டிக்கும் ஒண்ணு கட்டிட்டோம். நாப்பத்தோரு வண்டி. பிரசங்கம் நீளம்."

"சொந்தக்காரங்ககிட்ட கேட்டீங்களா?"

"ஆம்பளைங்ககிட்ட சொன்னா சிரிப்பாங்க, அப்புறம் பிடுங்கிப் போட்டுடுவாங்க. ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

"பானெட்டை எப்படித் திறந்தீங்க? ஒருத்தன் வண்டியும் பூட்டியிருக்கலையா?"

"இந்த ஊர்லயா? சாவியே உள்ளதானே கிடக்கு."

"என் வண்டியில கட்டியிருக்க மாட்டீங்க. என் அனுமதி இல்லாம அதுல ஒரு ஈ உட்காராது."

"ஈ வேற, ஓரின். எலி வேற."

வெளியே போய் என் பானெட்டைத் திறந்தேன். தொங்கியது. தோல் நிறக் காலுறை, இரட்டை முடிச்சு, பச்சைச் சோப்பு. செப்டம்பரிலிருந்து இரண்டு மாதம் என்னோடு சேர்ந்து ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. நான் கடைசியாகப் பானெட்டைத் திறந்தது எப்போது என்று லவோன் கேட்டாள். அந்தக் கேள்விக்கு இந்த அத்தியாயத்தில் பதில் கிடையாது.

"ஏறி மிதிங்க" என்றாள்.

தேவாலய வாசலிலிருந்து நெடுஞ்சாலைப் பலகை வரை, என் எழுபத்து நாலு வருஷ வாழ்க்கையில் முதல்முறையாக, தரையோடு சேர்த்து அழுத்தி மிதித்தேன். கீச். அதே பன்றி, அதே கதவிடுக்கு. ஒரு இம்மி வித்தியாசமில்லை.

திரும்பி வந்தபோது லவோன் இரண்டு கையையும் இடுப்பில் வைத்திருந்தாள். "வியாழக்கிழமை மத்தியானம் எங்க இருந்தீங்க, பெருசு?"

"பல் பிடுங்கப் போயிருந்தேன்."

"சீட்டு?"

சட்டைப் பையிலிருந்து பல் மருத்துவமனைச் சீட்டை எடுத்துக் காட்டினேன். அவள் அதைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள். என்னிடமிருந்து கற்றுக்கொண்ட கெட்ட பழக்கம்.

மறுபடி கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். மணி இரண்டரை. வெண்டல் வண்டி மட்டும்தான் கத்தும் என்பது பொய் என்று நிரூபித்தாகிவிட்டது. ஆனால் இந்த ஊரை எனக்குத் தெரியும். இவன் இல்லை என்று சொன்னால் விடமாட்டார்கள். வேறு யார் என்று கேட்பார்கள். பதில் இல்லாவிட்டால் கையில் இருப்பவனையே வைத்துக்கொள்வார்கள்.

"மியூரியல், எல்லா வண்டியிலயும் இதே பட்டையிலயா கட்டுனீங்க?"

"இல்ல. ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு இடம். இந்த மாதிரி வண்டிக்குத்தான் அந்தப் பட்டை வசதியா இருந்துச்சு. எழுதி வெச்சிருக்கேன்." மாவுக் கையோடே ஒரு நோட்டை நகர்த்தினாள். நாற்பத்தொரு பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். அந்த மாதிரி வண்டி மொத்தம் மூன்று. வெண்டல் க்ரோட். ஓரின் மேடாக். மூன்றாவது பெயரில் மாவு ஒட்டியிருந்தது. சுரண்டினேன்.

ராய்ஸ் டில்மன்.

லவோன் விசில் அடித்தாள். "அதானே பார்த்தேன்! நேத்துக் கடுதாசியில கையெழுத்துப் போட்டுட்டு அவரு என்கிட்ட என்ன வாங்குனாருன்னு தெரியுமா? ஒரு கட்டு வயரு. இன்ஜின்ல எலி தின்னுடுச்சாம். தலைவரோட வண்டின்னுகூட மதிக்கலன்னு பொலம்புனாரு."

மியூரியல் நிமிர்ந்தாள். "இருக்கவே முடியாது. அவரு வண்டிக்கு நானே என் கையால கட்டுனேன். சோப்பு இருக்கிற வண்டிக்கு எலி வராது."

"அப்போ சோப்பு இல்ல" என்றேன்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மியூரியல் கையை உதறி ஏப்ரனைக் கழற்றினாள். "நானும் வரேன். என் சோப்பை எடுத்தது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்." காளை செத்தது அவளுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

பள்ளிக்கூடத்து நூலக அறையில் குழு கூடியிருந்தது. நாலு மணிக்கு இன்னும் ஏழு நிமிஷம். குழந்தைகள் உட்காருகிற குட்டை நாற்காலிகளில் ஐந்து பெரிய மனிதர்கள் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் கிளீட் ஆஸ்ட்ராண்டர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. காளையைப் பறிகொடுத்த நாளிலிருந்து அவன் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வெண்டல் கதவருகே நின்றான். அவனுக்கு நாற்காலி போடவில்லை. பேருந்துச் சாவி அதற்குள் மேசைமேல் இருந்தது.

ராய்ஸ் காபியில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தான். நல்ல குஷியில் இருந்தான்.

"வாங்க ஓரின். மாட்டுச் சூடு பார்க்கவா வந்தீங்க?"

"இல்லப்பா, சும்மாதான். எலித் தொல்லை ரொம்பவாமே உனக்கு?"

"அதை ஏன் கேக்குறீங்க! ஒரே ராத்திரியில பாதி வயரைத் தின்னுடுச்சு. என் தப்புதான். அந்தச் சனியன் பிடிச்ச சோப்பை எடுத்திருக்கவே கூடாது."

மியூரியல் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"எந்தச் சோப்பு, ராய்ஸ்?" என்றாள் மியூரியல். குரல் ரொம்ப இனிப்பாக இருந்தது. "இந்த ஊர் ஆம்பளை ஒருத்தருக்கும் அதைப் பத்தி நான் சொல்லலையே."

"இல்ல... பானெட்டைத் திறந்தேன், கையில தட்டுப்பட்டுச்சு. எலிக்குத்தான் யாரோ கட்டியிருக்காங்கன்னு நெனச்சேன்."

"இந்த ஊர்ல பானெட்டைத் திறந்த ஒரே ஆம்பளை நீங்கதான் போல" என்றாள் லவோன். என் பக்கம் பார்த்துத்தான் சொன்னாள்.

"எதுக்குத் திறந்தே?" என்றேன்.

"சும்மா... ஏதோ சத்தம் வந்துச்சு."

"என்ன மாதிரி சத்தம்?"

அவன் காபியை ஒரு வாய் குடித்தான்.

"சோப்பை எடுத்தப்புறம் சத்தம் நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"என்னிக்கு எடுத்தே?"

"சனிக்கிழமை." சொன்ன பிறகுதான் யோசித்தான். மனுஷன் எப்போதும் அந்த வரிசையில்தான் செய்வான்.

நான் வெண்டலிடமிருந்து காகிதத்தை வாங்கி மேசைமேல் விரித்தேன். "சனிக்கிழமை உன் வண்டி கத்துறது உனக்கே தெரியும். எதனால கத்துச்சுன்னும் தெரியும், அதை நிறுத்தவும் செஞ்சே. திங்கட்கிழமை காலையில, இப்படிக் கத்துற வண்டி இந்த வட்டாரத்துல ஒண்ணே ஒண்ணுதான்னு கையெழுத்துப் போட்டிருக்கே. இது உன் கையெழுத்துதானே? நல்லாப் பாத்துச் சொல்லு. நான் வாய்ப்பேச்சை நம்புறவன் இல்ல."

ராய்ஸ் காகிதத்தைப் பார்க்கவில்லை. கிளீட் எழுந்து நிற்பதைத்தான் பார்த்தான்.

"வேணும்னு செய்யல, கிளீட்" என்றான். "வண்டியைத் திருப்பறப்போ தூண் தெரியல. கதவு சாஞ்சதும் உன் காளை நேரா என்னைப் பாத்து வந்துச்சு. பயந்துட்டேன். மிதிச்சேன். அந்தச் சத்தம் என் வண்டியில இருந்து வருதுன்னே முதல்ல எனக்குத் தெரியாது. ஊர்ல எல்லாரும் வெண்டல் வெண்டல்னு சொன்னதும்..."

"சொன்னதும் வசதியாப் போச்சு" என்றான் கிளீட். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். "ஜட்ஜ் ஒருத்தனையும் முட்டாது. உன்னைப் பாத்து வந்துச்சுன்னா, நீ தீவனம் கொண்டுவந்தேன்னு நெனச்சிருக்கும்." வெளியே போய்விட்டான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். அறைந்து சாத்தியிருந்தால் ராய்ஸுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மீதி நாலு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். "எங்களுக்கு ஆரம்பத்துலயே சந்தேகம்தான் வெண்டல்" என்றான் ஒருத்தன். "நீ அப்படிப்பட்ட ஆளே இல்லன்னு நான் வீட்டுல சொன்னேன்" என்றான் இன்னொருத்தன். செயலாளர் அம்மாள் சாவியை எடுத்து, தானே வாங்கிவந்த பரிசுபோல நீட்டினாள். ஒருத்தன் நாற்காலியே கொண்டுவந்து போட்டான், குட்டை நாற்காலி.

வெண்டல் உட்காரவில்லை. சாவியை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டான். "இனிமே கூட்டத்துக்குக் கூப்பிட்டா முதல்லயே நாற்காலி போடுங்க" என்றான். அவ்வளவுதான். நாலு மணிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டிருந்தது. வழக்கம்போல் தாமதம்.

வாசலில் லவோன் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். வெண்டல் வண்டியில் கழற்றிய சோப்பு அவள் பையில் இருந்தது. காலுறையைப் பிரித்து அதை வெளிச்சத்தில் திருப்பினாள்.

"பெருசு, இதைப் பாருங்க."

பெல்ட் உரசிய பக்கம் வழவழவென்று இருந்தது. மறுபக்கம் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னக் குழி, இரண்டு இரண்டாக.

"எலிப் பல்லு" என்றேன்.

"எலி இதைத் தின்னிருக்கு. பயந்தெல்லாம் ஓடல, சாப்பிட்டிருக்கு. அப்போ ராய்ஸ் வண்டியில எலி வந்ததுக்கும் சோப்பை எடுத்ததுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நாம புடிச்ச நூலே தப்பு."

"தப்புதான்."

"தப்பான நூலைப் புடிச்சு எப்படி அவரைப் போய்ச் சேர்ந்தோம்?"

"அவன் சோப்பை நம்பினான். அதான், அதை எடுத்தது தன் தப்புன்னு அவனே வாய் விட்டுட்டான்."

பின்னால் வந்த மியூரியல் சோப்பை லவோனின் கையிலிருந்து பறித்தாள். "அது பெல்ட் பட்ட தடம்" என்றாள் கறாராக. கைப்பையைத் திறந்து புதுக் காலுறை ஒன்றை எடுத்து என் கையில் திணித்தாள். "உங்களுக்கு வேற இடத்துல கட்டித் தரேன். குளிர் ஏறப் போகுது."

இரண்டு இரண்டாகப் பல் வைக்கிற பெல்ட்டை நான் பார்த்ததில்லை. காலுறையை அவள் பையிலேயே திருப்பிப் போட்டேன்.

மஞ்சள் பேருந்து வளாகத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. ஜன்னல்களில் முப்பது தலை, எல்லாம் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டு. வெண்டல் என்னைப் பார்த்து ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினான். எங்கள் பக்கம் அதற்குமேல் நன்றி சொல்வது வழக்கமில்லை.

நான் வண்டியை நோக்கி நடக்கும்போது ராய்ஸ் ஓடி வந்தான். காபிக் கோப்பையை இன்னும் கீழே வைக்கவில்லை.

"ஓரின், ஒரு நிமிஷம். சத்தியமாச் சொல்றேன், கூட்டம் முடிஞ்சதும் நானே கிளீட்கிட்ட உண்மையைச் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீங்களாவது என்னை நம்பணும்."

"எழுதிக் கொடு" என்றேன்.

பேனா அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் கை அந்தப் பக்கம் போகவில்லை.

நடந்துவிட்டேன்.